க்ரூயாவில் வாய் திறக்காதவர்கள்

வருடத்துக்கு இரண்டு முறையாவது அந்த ஃபார்வர்டு வந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் நாஜி ஜெர்மனியிடமிருந்து "யூதர்களைக் காப்பாற்றிய முஸ்லிம் நாடு" என்ற தலைப்பு, மேலே அல்பேனியாவின் கொடி, கீழே வரிசையாகக் கும்பிடு எமோஜிகள். தகவல் பொய்யில்லை. ஆனால் அதில் விட்டுப்போனதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மோஷே மாண்டில் யூகோஸ்லாவியாவின் நோவி சாட் நகரத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த யூதர். 1941இல் ஜெர்மன் படை நுழைந்ததும் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஓடினார். வழியில் ரயிலில் சோதனை. தன் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் மரத்தின் முன்னால் நிற்கும் போட்டோ ஒன்றை எடுத்து நீட்டினார். ஸ்டூடியோ விளம்பரத்துக்காக எப்போதோ எடுத்தது. யூதர்கள் இல்லை என்று நம்பி விட்டுவிட்டார்கள்! கடைசியில் அல்பேனியாவின் தலைநகரான டிரானாவுக்கு வந்து, ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தொழில் பழகிக்கொண்டிருந்தவன் ரெஃபிக் வெசெலி. பதினேழு வயதுப் பையன்.

1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது. அதுவரை இத்தாலியர் கையில் இருந்த அல்பேனியாவுக்குள் ஜெர்மானியர்கள் வந்தார்கள். ரெஃபிக் பெற்றோரிடம் கேட்டுவிட்டு, மாண்டில் குடும்பத்தைக் க்ரூயா மலையில் இருந்த தன் வீட்டுக்கே கூட்டிப் போனான். இரவில் கோவேறு கழுதைப் பயணம், பகலில் குகைகளில் பதுங்கல். தொழுவத்துக்கு மேலிருந்த சின்ன அறையில் மாண்டிலும் மனைவியும் ஒளிந்திருந்தார்கள். பிள்ளைகள் மட்டும் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு பிள்ளைகளாக வெளியே திரிந்தார்கள். கொஞ்ச நாளில் ரெஃபிக்கின் சகோதரர் இன்னொரு யூதக் குடும்பத்தைக் கூட்டி வந்தார். 1944 நவம்பர் வரை, ஒரு வருடம் இப்படியே போனது.

இங்கேதான் நான் நிற்கிறேன். மலையூரில் புது முகம் எத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் இருக்கும்? ஒரு வீட்டில் திடீரென இரண்டு பிள்ளைகள் கூடுதலாக விளையாடினால் பக்கத்து வீட்டு ஆத்தாவுக்குத் தெரியாதா? ரெஃபிக், அவர் அப்பா வெசெல், அம்மா ஃபாத்திமா ஆகியோரின் பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. பார்த்தும் பார்க்காத மாதிரி போனவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு விருதும் இல்லை, பெயரும் இல்லை.

இதற்கெல்லாம் காரணம் "பெசா" என்பார்கள். கொடுத்த வாக்கு, அதற்காக உயிரையும் விடுவது. அல்பேனிய மலைகளின் பழைய வழக்கச் சட்டமான கானுன், வீடு என்பது கடவுளுக்கும் விருந்தாளிக்கும் உரியது என்கிறது. சரி, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பழிக்குப் பழி கொலை செய்வதற்கு விதிமுறை வகுத்துக் கொடுத்ததும் இதே கானுன்தான். காப்பாற்றியவர்களில் முஸ்லிம்களே அதிகம்; கத்தோலிக்கர்களும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களும் உண்டு.

அப்புறம், ஃபார்வர்டில் வராத இன்னொன்று. அப்போது அல்பேனியாவோடு சேர்க்கப்பட்டிருந்த கொசோவோவில், 1944 மே மாதம் பிரிஷ்டினாவில் 281 யூதர்களைப் பிடித்தது நாஜிகளின் ஆயுதப் படையான எஸ்எஸ்ஸின் ஸ்கந்தர்பெக் படைப்பிரிவு. அந்தப் படைப்பிரிவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அல்பேனியர்கள். பிடிபட்டவர்களை ஜெர்மனியில் இருந்த பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள், பலர் திரும்பவேயில்லை. அதே மொழி, அதே மதம், அதே பெசா! டிரானாவிலோ யூதர்களின் பட்டியலைக் கேட்ட ஜெர்மானியர்களுக்கு அதைத் தர மறுத்த உள்துறை அமைச்சர் ஜாஃபர் தேவா, ஜெர்மானியர் தயவில் பதவிக்கு வந்த ஆள். இவரை எந்தப் பெட்டியில் போடுவது?

அதனால் "அது அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. ரத்தத்தில் இருந்தால் பிரிஷ்டினாவிலும் இருந்திருக்க வேண்டும். அப்படிச் சொல்வது ரெஃபிக்கின் துணிச்சலையும் குறைத்துவிடுகிறது. அவன் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். அந்த அம்மா கதவைத் திறக்காமலும் இருந்திருக்கலாம்.

போருக்கு முன்பு அல்பேனியாவில் சுமார் 200 யூதர்கள்தான் இருந்தார்கள். போர் முடிந்தபோது அதைவிடப் பல மடங்கு பேர். பிறகு என்வர் ஹோஜாவின் கம்யூனிஸ்ட் ஆட்சி நாட்டையே பூட்டிவிட்டதால் இந்தக் கதைகள் வெளியே வரப் பல வருடம் ஆனது. மாண்டிலின் மகன் காவ்ரா எழுதிய கடிதத்தால்தான் 1987இல் யூத இனப்படுகொலைக்கான இஸ்ரேலின் நினைவு அமைப்பான யாத் வஷேம் வெசெலி குடும்பத்தைக் கௌரவித்தது. அல்பேனியர்களில் அவர்களே முதல்.

நான் அடிக்கடி நினைப்பது அதற்கும் முந்தைய ஒரு விஷயத்தை. போர் முடிந்ததும் மாண்டில் நோவி சாட் திரும்பி மறுபடியும் ஸ்டூடியோ திறந்தார். பாதியில் நின்ற தொழிலைக் கற்றுக்கொள்ள வரச் சொல்லி ரெஃபிக்கை அழைத்தார். ரெஃபிக் போனார். 1948இல் மாண்டில் குடும்பம் இஸ்ரேலுக்குக் கிளம்பும்வரை, தங்கியது அவர்கள் வீட்டில்தான்.