பொம்பளப் பிள்ளைக்கும் வெயில் வேண்டும்

நம்ம பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கண் என்றாலே புரைதான். பாட்டிக்குக் கண் மங்கினால் எங்கே முகாம் என்று விசாரித்து, வேனில் ஏற்றி மதுரைக்கு அனுப்பி, கறுப்புக் கண்ணாடியோடு கூட்டிவந்துவிடுகிறோம். 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதிலிருந்து பழகிப்போன வழி அது. அதே வீட்டில் எட்டாவது படிக்கிற பேத்தி கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறாள் என்று சொல்லிப் பாருங்கள். "செல்லப் பாத்துப் பாத்துக் கண்ணக் கெடுத்துக்கிட்டா" என்று ஒரு திட்டு விழும். வைத்தியம் அதோடு முடிந்தது.

நான் கணக்கு டீச்சர். கிட்டப்பார்வை, அதாவது கிட்டத்தில் தெரிந்து தூரத்தில் மங்குகிற கோளாறு, உள்ள பிள்ளையைக் கண்டுபிடிக்க எனக்கு மெஷின் வேண்டாம். பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும். 3ஐ 8 என்று எழுதி, அதற்கப்புறம் எல்லாப் படியையும் சரியாகப் போட்டு, தப்பான விடையில் போய் நிற்கும். மார்க்கைப் பார்த்துவிட்டு "மக்கு" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். பிள்ளையாக வந்து சொல்லாது. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். ராமேசுவரத்துத் தொலைக்காட்சிக் கோபுரம் 323 மீட்டர் உயரம். தீவில் எங்கே நின்றாலும் அடையாளத்துக்கு அதைத்தான் காட்டுவோம். அதையே "எங்க டீச்சர்?" என்று கேட்ட பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள்.

பவர் என்பது சின்ன வகுத்தல் கணக்குதான். 100ஐப் பவரால் வகுத்தால், கண்ணாடி இல்லாமல் எத்தனை சென்டிமீட்டர் வரை தெளிவாகத் தெரியும் என்று வந்துவிடும். மைனஸ் 2 என்றால் 50 சென்டிமீட்டர். மைனஸ் 4 என்றால் 25. அந்தத் தூரத்தைத் தாண்டினால் எல்லாமே மங்கல். கரும்பலகை எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணைச் சோதித்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்கத் தமிழ்நாட்டில் 2009இலேயே கண்ணொளி காப்போம் திட்டம் வந்துவிட்டது. கண்ணாடி கைக்கு வருகிறது, முகத்துக்கு வருவதில்லை. அதுவும் பொம்பளப் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். வகுப்பில் போட்டிருப்பாள், சாயங்காலம் கேட் பக்கம் போனதும் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வாள். ஏன் என்று கேட்டால் பதில் அம்மாவிடமிருந்து வரும். "என்ன டீச்சர் இப்படிச் சொல்றீக, இப்பவே சோடாபுட்டி மாட்டிவிட்டா நாளைக்கு யாரு கட்டிக்கிடுவா?" வயது பதின்மூன்று. மாப்பிள்ளை வீட்டார் இப்போதே வாசலில் வந்து நிற்கிறார்கள்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். "முழுப் பவர் போட்டா கண்ணு அதுக்குப் பழகி ஏறிக்கிட்டே போகும், கொஞ்சம் கொறச்சுப் போடுங்க" என்று கண்ணாடிக்கடையில் பேரம் பேசுவார்கள். மலேசியாவில் இதைப் பிள்ளைகளிடம் சோதித்தே பார்த்தார்கள். முடிவு 2002இல் வெளிவந்தது. குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் பவர் வேகமாக ஏறியிருந்தது. பொன்னாங்கண்ணியும் முருங்கைக்கீரையும் உடம்புக்கு நல்லது, மாலைக்கண் வராமல் காக்கும், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஏறிய மைனஸை அவை இறக்காது.

ஏனென்றால் இங்கே சத்துக் குறைவு எதுவும் இல்லை. கண் நீண்டுவிடுகிறது. பெரியவர்களின் கண் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளம். அது இன்னும் ஒரு மில்லிமீட்டர் நீண்டால் இரண்டரை, மூன்று பவர் கூடிவிடும். பிம்பம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே விழும். கண்ணாடி அந்தப் பிம்பத்தைப் பின்னால் தள்ளிவைக்கும், அவ்வளவுதான். வளர்ந்த நீளம் வளர்ந்ததுதான், அதைத் திரும்பச் சுருக்க இன்றைக்கு வழி கிடையாது. ஆகவே கேட்க வேண்டியது, பிள்ளை வளரும் வயதில் இந்த நீளத்தை எப்படி மட்டுப்படுத்துவது என்பதுதான்.

இதற்கு உலகத்திலேயே மலிவான மருந்து நம் வாசலில் கொட்டிக்கிடக்கிறது. வெளிச்சம். சீனாவில் குவாங்சோ நகரத்துப் பள்ளிகளில் ஆறேழு வயதுப் பிள்ளைகளைத் தினமும் பள்ளி நேரத்திலேயே 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் 30.4. தைவானில் 2010இலிருந்து தினம் 120 நிமிடம் வெளியே என்று நாடு முழுக்கவே கொண்டுவந்தார்கள். வருடா வருடம் ஏறிக்கொண்டே இருந்த பார்வைக் குறைவு அதற்குப் பிறகு இறங்க ஆரம்பித்தது. நல்ல வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, அது கண் நீளுவதைத் தடுக்கிறது என்பதுதான் இப்போது பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். வெளியே மர நிழலிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும். அதனால் உச்சி வெயிலில் பிள்ளையை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வேப்ப மரத்தடி போதும், தொப்பி போட்டுக்கொள்ளலாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: கிட்டப்பார்வை வருவதற்கு முன்னால்தான் இது நன்றாக வேலை செய்கிறது. வந்தபிறகு இதை மட்டும் நம்பி உட்கார முடியாது. ஆறு வயதிலிருந்து பத்து வயதுக்குள் விட்டதைப் பிறகு பிடிப்பது கஷ்டம்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். இந்த வெளிச்சம் நம் ஊரில் யாருக்குக் கிடைக்கிறது? நாலரை மணிக்குக் கடற்கரையில் போய்ப் பாருங்கள். கரையில் ஏற்றிய வத்தைகளுக்கு நடுவே ஸ்டம்ப் நட்டு ஆம்பளப் பிள்ளைகள் இருட்டும் வரை கிரிக்கெட் ஆடுகிறார்கள். அவன் அக்காவும் தங்கச்சியும் அதே நேரம் ஓர் அறைக்குள் இருபது பேரோடு பாயில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக் குனிந்து டியூஷன் படிக்கிறார்கள். முடிந்து வந்தால் தண்ணீர் பிடிக்க வேண்டும், பாத்திரம் விளக்க வேண்டும், அப்புறம் மறுபடி நோட்டு. வயதுக்கு வந்துவிட்டால் கரைப் பக்கம் போவதற்கே தடை. மீன் பிரிக்கவும் கருவாடு காயவைக்கவும் போகலாம், விளையாடப் போகக் கூடாது. பள்ளியில் பி.டி. பீரியடையாவது விட்டுவைக்கிறோமா என்றால், அதையும் போர்ஷன் முடிக்க யாராவது வாங்கிக்கொள்கிறார்கள். நான் அதை வாங்குவதில்லை; வாங்குகிறவர்களோடு ஸ்டாஃப் ரூமில் சண்டையும் போட்டிருக்கிறேன். அவளை உள்ளே வைத்துப் பவர் ஏறவிட்டு, ஏறிய பவருக்குக் கண்ணாடியும் போடவிடாமல், கடைசியில் "கண்ணக் கெடுத்துக்கிட்டா" என்று பழியையும் அவள் தலையிலேயே போடுகிறோம்.

ஏற்கெனவே பவர் ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு வேறு வழிகளும் உண்டு. இரவில் ஒரு சொட்டு விடுகிற குறைந்த அளவு அட்ரோபின் மருந்து இருக்கிறது. ஹாங்காங் ஆய்வில் 0.01 சதவீதத்தைவிட 0.05 சதவீதம் நன்றாக வேலை செய்தது. உங்கள் பிள்ளைக்கு எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தவும் கூடாது. பவர் ஏறுவதை மட்டுப்படுத்தவென்றே செய்த கண்ணாடிகளும் வந்துவிட்டன, விலைதான் கூடுதல். எதுவானாலும் பிள்ளைக்குக் கண்மணியை விரிக்கும் மருந்து விட்டுத்தான் பவர் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து விடாமல் பார்த்தால் பிள்ளையின் கண் தன்னை இறுக்கிக்கொண்டு, இல்லாத மைனஸைக் காட்டிவிடும்.

கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். உப்புக்காற்றில் லென்ஸில் உப்பும் மணலும் படியும். முந்தானையால் அப்படியே துடைத்தால் கீறல்தான். முதலில் கழுவ வேண்டும், அதுவும் போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக நிற்கும். குடத்தில் விலைக்கு வாங்கிய நல்ல தண்ணீரில் ஒரு கை அள்ளிக்கொள்வதில் குடி மூழ்கிவிடாது.

பெரியவர்கள் கதை வேறு. என் மாமா நாட்டுப்படகில் போகிறவர், ஐம்பதைத் தாண்டியும் வெறுங்கண்ணால் வலை பொத்துவார். வயதானால் கிட்டத்தில் மங்குகிற வெள்ளெழுத்தைத்தான் சொல்கிறார், "எனக்கு வெள்ளெழுத்தே வரல பாத்தியா" என்று பெருமை. வெள்ளெழுத்து வராமல் இல்லை. அவருக்கு மைனஸ் 3, கையில் இருக்கும் வலை அவர் கண்ணுக்குச் சரியான தூரத்தில் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் எதிரே வரும் படகின் விளக்கு அவருக்குப் பூசணிப்பூ மாதிரி விரிந்துதான் தெரியும். இப்போது கண்ணாடிக் காம்பில் தங்கூசி நரம்பைக் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறார்.

கல்யாணம் பேசியதும் "லேசிக் பண்ணிவிடலாமா டீச்சர்" என்று, கண்ணாடியைக் கழற்றவைக்கும் லேசர் ஆபரேஷனைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு வருடமாவது பவர் ஏறாமல் நின்றிருக்க வேண்டும், கருவிழி போதுமான தடிமன் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்து செய்துகொண்டாலும் கண்ணாடிதான் போகிறது; கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கும். மைனஸ் 6ஐத் தாண்டியவர்களுக்கு விழித்திரை பிரியும் ஆபத்தும் கண்நீர் அழுத்த நோய் வரும் ஆபத்தும் லேசிக்குப் பின்னும் போகாது. வருடம் ஒருமுறை விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திடீரென்று கண்ணுக்குள் பூச்சி பறக்கிற மாதிரி நிறையப் புள்ளிகள், மின்னல் வெட்டு, ஓரத்தில் திரை விழுந்த மாதிரி இருட்டு என்றால் அன்றைக்கே ரெட்டினா டாக்டரிடம் போய்விடுங்கள். மருமகளாகப் போன வீட்டில் கண்ணாடி போட்டிருந்த விஷயத்தையே மறைத்துவைத்திருக்கும் பெண், மின்னல் வெட்டுகிறது என்று யாரிடம் சொல்வாள்?

எங்கள் தெருவில் டியூஷன் எடுக்கிற அக்காவிடம் பேசியிருக்கிறேன். நாலரைக்குப் பதில் ஆறரைக்கு ஆரம்பிக்க அவருக்குச் சம்மதம். "பொட்டப் பிள்ளைகள இருட்டுல யாரு கூட்டிட்டு வர்றது" என்பதுதான் அம்மாக்கள் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்விதான். டியூஷன் முடிந்ததும் அண்ணன் தம்பிமார் வந்து கூட்டிப்போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்; அந்த நேரத்துக்கு அவர்கள் ஆட்டமும் முடிந்திருக்கும். நாலரையிலிருந்து ஆறு வரை பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் விளையாடட்டும், நான் மரத்தடியில் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொள்கிறேன். ஹெச்.எம். வாய்வார்த்தையாகச் சரி என்று சொல்லிவிட்டார். பெற்றோர் கூட்டத்தில் அப்பாக்களிடம்தான் இன்னும் பேச வேண்டும்.