பவுண்டு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்

க்ளாக் 43எக்ஸ், சிக் பி365, ஷீல்டு பிளஸ் ஆகிய மூன்று சிறு கைத்துப்பாக்கிகளையும் ட்ரிகர் எடையை, அதாவது ட்ரிகரை இழுக்கத் தேவைப்படும் விசையை, வைத்தே ஒரு கட்டுரை வரிசைப்படுத்தியிருக்கிறது. அது போதாது. அந்த விசையை அளக்கும் அளவியின் கொக்கியை ட்ரிகரின் நுனியில் மாட்டினால் எடை குறைவாகக் காட்டும், மேலே ஏற்றினால் கூடும். நெம்புகோல் கணக்குதான். விரல் படும் இடத்தில் மாட்டி 10 முறை இழுத்துச் சராசரி எடுங்கள்.

கடையில் பார்க்கும்போது மேகசினை (தோட்டாக்கள் இருக்கும் பெட்டி) கழற்றுங்கள். ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் பகுதி) இழுத்து, அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு, பாதுகாப்பான திசையில் ட்ரிகரை வெற்றாக இழுத்துப் பாருங்கள். முதலில் லேசாக நகரும், பிறகு விரலில் ஒரு தடை தட்டும், அதைத் தாண்டினால் தோட்டாவின் பின்புறத்தை அடிக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கர் விடுபடும். தடை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வருகிறதா? விடுபடும் நொடியில் குறிபார்க்க உதவும் முன் சைட் அசைகிறதா? இந்த இரண்டும்தான் முக்கியம். அரை பவுண்டு வித்தியாசம் அல்ல.

ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடியே ஸ்லைடை ஒருமுறை இழுத்து விட்டு, விரலை மெல்லத் தளர்த்தினால் ரீசெட், அதாவது ட்ரிகர் அடுத்த முறை சுடத் தயாராகும் இடம், தெரியும். 2021இல் வந்த ஷீல்டு பிளஸ்ஸில் அது காதுக்கே கேட்கும்.

எடையைக் குறைக்க ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றாதீர்கள். அடி பலமில்லாமல், தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமர் வெடிக்காமல் போகும். இடுப்பில் வைத்திருக்கும் துப்பாக்கியில் அது பெரிய ஆபத்து.