மொய் நோட்டும் மெயின்பிரேமும்

(காட்பாடி. ஞாயிற்றுக்கிழமை காலை. திண்ணையில் சித்தப்பா, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மடியில் மகன் கல்யாணத்து மொய் நோட்டு. எதிரே லேப்டாப்போடு அண்ணன் மகள் கலா. வீட்டிலிருந்தே மெயின்பிரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள்.)

சித்தப்பா: வாலாஜா சேகர், ஐந்நூறு... ஆற்காடு மளிகைக்கடை, இருநூறு...

கலா: யாரைத் தேடுகிறீர்கள்?

சித்தப்பா: என்னோடு பஸ் ஓட்டிய குடியாத்தம் டிரைவர். இன்றைக்கு அவர் வீட்டுக் கிரகப்பிரவேசம். அவர் நமக்கு எவ்வளவு வைத்தார் என்று தெரியாமல் நான் எவ்வளவு வைப்பது?

கலா: அதற்காக முதல் பக்கத்திலிருந்தா? சுத்தமான சீக்வென்ஷியல், ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பது. க்யூசாம் வேலை.

சித்தப்பா: யார் அந்த சாம்? சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா?

கலா: ஆள் இல்லை சித்தப்பா, அக்சஸ் மெத்தட். ஃபைலிலிருந்து ரெக்கார்டை எடுத்துத் தருகிற முறை. க்யூசாம் என்றால் பந்தி மாதிரி. டிஸ்கிலிருந்து ஒரு பிளாக், அதாவது ஒரு கட்டு ரெக்கார்டு, முழுக்க வாளியில் வரும், நம் இலைக்கு ஒரு கரண்டி விழும். வாளி காலியாவதற்குள் அடுத்தது பின்னால் வந்து நிற்கும். பீசாம் என்று இன்னொன்று. வாளியை நம் முன்னால் வைத்துவிடுவார்கள். வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதும், அள்ளிப் போட்டுக்கொள்வதும் நம் பாடு.

சித்தப்பா: அது என் சம்பந்தி வீட்டுக் கல்யாணம்.

கலா: வீசாம் என்று இன்னொரு முறை, அதில் பல வகை ஃபைல். உங்கள் நோட்டு அதில் ஈஎஸ்டிஎஸ் வகை. வந்த வரிசையில்தான் எழுதும். புதியது கடைசியில்தான் சேரும், எதையும் நீக்கவும் முடியாது.

சித்தப்பா: பின்னே? கவரை நீட்டுகிறவரிடம் "இருங்க, உங்க ஊர் 'ப' வரிசை" என்று பக்கம் தேடினால் கூட்டம் வாசல் தாண்டிவிடும்.

கலா: எழுதுவதற்கு அதுதான் வேகம். தேடும்போதுதான் இப்படித் திண்ணை தேய்கிறது.

சித்தப்பா: பெண் கல்யாணத்தில் நானும் ஊருக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேனே! பேரணாம்பட்டு நிரம்பியது. 'கடைசிப் பக்கம் பார்க்க' என்று எழுதினேன். அங்கேயும் நிரம்பி, 'அட்டையில் பார்க்க'. அட்டை கிழிந்துவிட்டது.

கலா: ஐயோ, அது அப்படியே ஐசாம்! 1960களின் சரக்கு. இடம் இல்லாத ரெக்கார்டை ஓவர்ஃப்ளோவில் போட்டுச் சங்கிலி கோத்துவிடும். சங்கிலி நீள நீளத் தேடுவதும் இழுக்கும். அவ்வப்போது ஃபைலையே புதிதாக எழுதிச் சீர் செய்ய வேண்டும். 2005இல் வந்த இசட் ஓஎஸ் 1.7 என்கிற மெயின்பிரேம் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஐபிஎம் அதைக் கழற்றிவிட்டது.

சித்தப்பா: நாற்பது வருஷம் ஓட்டியிருக்கிறார்களே, என் பஸ்ஸைவிட மோசம். இப்போது இன்னா பண்றீங்க?

கலா: கேஎஸ்டிஎஸ், வீசாமில் இன்னொரு வகை. சாவி வரிசையில், அதாவது எதை வைத்துத் தேடுகிறோமோ அந்த வரிசையில் இருக்கும், மேலே இண்டெக்ஸ் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் காலி இடம் விட்டுத் தொடங்கலாம். நிரம்பினால் பாதி ரெக்கார்டை வேறு பக்கத்துக்கு மாற்றி இண்டெக்ஸையும் அதுவே திருத்திக்கொள்ளும்.

சித்தப்பா: பாதிச் சாப்பாட்டில் ஆளை எழுப்பி அடுத்த ஹாலில் உட்கார வைப்பதா? அடி விழும்.

கலா: விழுகிறது. அந்தப் பிரிப்பு அதிகமானால் ராத்திரி ஜாப் இழுக்கும், மூன்று மணிக்கு எனக்கு ஃபோன் வரும். ஆர்ஆர்டிஎஸ் என்கிற வீசாம் வகையில் அந்தத் தொல்லை இல்லை, ரெக்கார்டுக்கு இட நம்பர்தான். உங்கள் பஸ் சீட் மாதிரி. பதினாலாம் நம்பரில் ஆள் இல்லாவிட்டாலும் பதினாலு பதினாலுதான்.

சித்தப்பா: அது சரி. எந்த ஃபைல் எந்த டிஸ்கில் என்று யார் சொல்வது?

கலா: கேட்லாக். ஆனால் சில நாள் கேட்லாகில் பெயர் இருக்கும், டிஸ்கில் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

சித்தப்பா: நம்ம வேலூர்க் கோட்டைக் கோயில் மாதிரி சொல்லு! 1981 வரைக்கும் கோபுரம் இருந்தது, மண்டபம் இருந்தது, ஜலகண்டேஸ்வரர் மட்டும் சத்துவாச்சாரியில் இருந்தார்.

கலா: அதேதான்! என் டீமுக்கு இப்படி ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

சித்தப்பா: (துள்ளி) கிடைத்துவிட்டது பாப்பா! குடியாத்தம் டிரைவர்... தொகை... (கண்ணாடியை ஏற்றிக்கொண்டு) 'கவர் மட்டும். உள்ளே காலி.'

கலா: கேட்லாகில் பெயர் இருக்கிறது...

சித்தப்பா: சாமி இல்லை. (யோசித்து) பாப்பா, உள்ளே போய் ஒரு நல்ல கவராக எடுத்து வா. பசையும் கொண்டு வா, நன்றாக ஒட்டணும்.