நான் பேப்பர் போடவில்லை, போட வைத்தார்கள்

பதினேழு தடவை அடித்த பிறகு இன்று காலையில்தான் எச்ஆர் போனை எடுத்தார். எடுத்ததும் முதல் வார்த்தை, "பிரதர், நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?" அப்போது ஏறிய சூடு இன்னும் இறங்கவில்லை.

ஆமாம், ராஜினாமாத் தாளில் நான்தான் போட்டேன். எப்படிப் போட்டேன் என்று கேளுங்கள்.

ஒரகடம் பக்கம் ஒரு பாகங்கள் செய்யும் கம்பெனி. ஸ்டோர்ஸில் நாலரை வருடம். ஆர்டர் இல்லை என்று முதலில் ஓவர்டைமை நிறுத்தினார்கள். அப்புறம் வாரம் நாலு நாள் வந்தால் போதும் என்றார்கள், சம்பளமும் நாலு நாளுக்குத்தான். எல்லாருக்கும் வந்த கஷ்டம்தானே என்று பொறுத்துக்கொண்டோம். ஒரு வெள்ளிக்கிழமை ஒவ்வொருத்தராக மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள்.

மேஜைமேல் ஒரே ஒரு ஏ4 தாள். சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்கிறேன் என்று ஆங்கிலத்தில் அடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். என் பெயர், என் டோக்கன் நம்பர், என் சொந்தக் காரணம் எல்லாம் அவர்களே எழுதிவிட்டார்கள். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. பக்கத்தில் ஒரு நீலப் பேனா, மூடியைக் கழற்றி என் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தது. அந்தப் பேனா இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

"படிச்சுப் பாக்க டைம் குடுங்க சார்" என்றேன்.

"வெளிய இன்னும் முப்பது பேர் நிக்கிறாங்க பிரதர்."

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"இதுல கேக்க என்ன இருக்கு?"

கேட்டாலும் எதில் கேட்பது? போனை வாசலிலேயே செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை என்றால்? "அப்ப டெர்மினேஷன்தான். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் வராது. நாளைக்கு வேற கம்பெனில இருந்து கேட்டா நாங்க என்ன சொல்றது?" ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஜூன் மாதம், இரண்டு பிள்ளைகளுக்கும் ஃபீஸ் கட்டவில்லை. போட்டுவிட்டேன். நீங்களாக இருந்தாலும் போட்டிருப்பீர்கள்.

மாதாமாதம் சம்பளத்தில் 0.75 சதவீதம் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தார்களே, வேலை போனால் அதில் ஏதோ தருவார்கள் என்று கூட வேலை பார்த்த அண்ணன் சொன்னார். விசாரித்தால் உண்மைதான். 2018-இல் வந்த திட்டம், பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. முதலில் நாள் சம்பளத்தில் கால் பங்கு, 2020-இல் கொரோனா வந்தபோது பாதியாக உயர்த்தினார்கள். அதிகபட்சம் 90 நாள், ஆயுளில் ஒரே ஒரு தடவை. என் கணக்குக்கு இருபத்தைந்தாயிரம் பக்கம் வரும். மூன்று மாத வாடகையைக் கொடுத்துவிடலாம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

இஎஸ்ஐ ஆபீஸுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா நல்லவர். ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாருங்கண்ணா, நீங்க நின்ன காரணம்னு உங்க கம்பெனி 2-ங்கிற நம்பர் போட்டிருக்கு. 2-ன்னா நீங்களே வேலைய விட்டுட்டீங்கன்னு அர்த்தம். ஆட்குறைப்புன்னா 10 போட்டிருக்கணும். தானா விட்டவங்களுக்கு இது கிடையாது. 10-ன்னு மாத்திக் குடுக்கச் சொல்லுங்க."

2-ஐ 10 ஆக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குத்தான் மூன்று வாரமாகப் போன். "மெயில் போடுங்க" என்றார்கள், போட்டேன். "கார்ப்பரேட்ல கேக்கணும்" என்றார்கள். "கன்சல்டன்ட் லீவு" என்றார்கள். கடைசியில் இன்று, நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க!

ஏன் மாற்ற மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆட்குறைப்பு என்று ஒப்புக்கொண்டால் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கான சம்பளம். வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. 1953-இல் இருந்தே சட்டத்தில் இருக்கிற விஷயம். அந்தக் காசை மிச்சம் பிடிக்கத்தான் ராஜினாமாத் தாள். அதை மிச்சம் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டாலும், இஎஸ்ஐ கொடுக்கிற பணம் இவர்கள் பாக்கெட்டில் இருந்தா போகிறது? எங்கள் சம்பளத்தில் பிடித்துக் கட்டியதும் அதில் இருக்கிறதே! அதற்கும் குறுக்கே நிற்கிறார்கள். வயிறு எரிகிறது.

ராஜினாமா செய்கிறவன் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய மாதத்தில், அடுத்த வேலை கையில் இல்லாமல், ஒரே நாளில் முப்பது பேரோடு வரிசையில் நின்றா செய்வான்? இதைப் பார்த்துக் கேட்க ஒருத்தர்கூட இல்லையா?

இதற்கு நடுவில் பிஎஃப் சேமிப்புப் பணம் வேறு. ஆதாரில் எனக்கு இனிஷியல் பின்னால். 2016-இல் பிஎஃப் எண் எடுத்தபோது பழைய கம்பெனி கிளார்க் அப்பா பெயரை முழுசாக முன்னால் அடித்துவிட்டார். பத்து வருடமாக பிஎஃப் கணக்கில் நானும் அப்பாவும் ஒரே ஆள். அதைச் சரிசெய்யாமல் ஒரு ரூபாய் எடுக்க முடியாதாம். விண்ணப்பம் போட்டுவிட்டேன். பழைய எண் என்பதால் கடைசியாக வேலை பார்த்த கம்பெனி ஒப்புதல் வேண்டுமாம். நாளைக் காலையில் இருந்து மறுபடியும் அதே எச்ஆருக்குத்தான் போன் அடிக்க வேண்டும்.