ஐந்து வருடம் கழித்துப் போட்ட மார்க்

போன ஞாயிறு திருவான்மியூரில் ஒரு நண்பர் வீட்டு மாடி அறையில் நாலைந்து பேர் உட்கார்ந்து எல்பி ரெக்கார்டு கேட்டுக்கொண்டிருந்தோம். அடுத்து எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை என்ற அமெரிக்க ராக் குழுவின் முதல் ஆல்பம் 'ஹவ் ஸ்ட்ரேஞ்ச், இன்னொசன்ஸ்' போடலாம் என்றேன். ஊசி தட்டில் இறங்குவதற்குள் கூட இருந்த தம்பி ஒருவன் போனில் தேடிவிட்டு, "அண்ணா, இதுக்கு ரிவ்யூ எல்லாம் சுமாராத்தான் இருக்கு" என்றான். அவன் மேல் தப்பில்லை. அந்த ரிவ்யூக்கள் மேல் எனக்கு ரொம்ப வருடமாகவே கோபம் உண்டு. இன்று எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: டெக்சாஸின் ஆஸ்டினில் 1999-ல் சேர்ந்த நால்வர். கிட்டார்கள், டிரம்ஸ், அவ்வளவுதான், வாய்ப்பாட்டு கிடையாது. 2000-ல் இந்த ஆல்பத்தை 300 சிடி-ஆர் (கம்ப்யூட்டரில் எழுதிக்கொள்ளும் சிடி) மட்டும் போட்டு வெளியிட்டார்கள். 2003-ல் வந்த 'த எர்த் இஸ் நாட் எ கோல்ட் டெட் ப்ளேஸ்' அவர்களுக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. 2004-ல் 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' படத்துக்கு இசையமைத்தார்கள். இவ்வளவும் நடந்த பிறகு, 2005-ல், டெம்பரரி ரெசிடன்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் முதல் ஆல்பத்தை ரீமாஸ்டர் செய்து, அதாவது ஒலியைப் புதிதாகச் சீர்படுத்தி, மறுபடி வெளியிட்டது.

ஆக, விமர்சகர்கள் மூன்றாவது ஆல்பத்தில் ஊறிய காதோடு முதலாவதைக் கேட்டார்கள். நான் படித்த மதிப்புரைகளில் பெரும்பாலானவை இதை ஒரு முன்னோட்டமாகத்தான் பார்த்தன. பின்னால் வரப்போவதன் விதை இங்கே இருக்கிறது, இன்னும் பக்குவப்படவில்லை, விசிறிகள் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்ற அளவில் முடித்துக்கொண்டன. 1976-ல் வந்த அன்னக்கிளியை, பத்து வருடம் கழித்து இளையராஜா செய்த 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தை வைத்து அளந்து நம்மில் யாராவது மார்க் போடுவோமா? அன்னக்கிளியை அது வந்த நாளில் வைத்துத்தானே கேட்கிறோம்!

இன்னொரு குறை அடிக்கடி சொல்லப்பட்டது. மெதுவாகத் தொடங்குகிறது, சத்தம் ஏறப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்று. இவர்கள் வாசிக்கும் போஸ்ட்-ராக் என்ற இசை வகை மொத்தத்தின் மேலும் இந்தப் புகார் உண்டு. மயிலாப்பூரில் மார்கழி மாதம் கச்சேரி கேட்டு வளர்ந்த எனக்கு இது இன்றுவரை பிடிபடவே இல்லை. ஆலாபனை தொடங்கும்போதே பாடகர் தாரஸ்தாயி சட்ஜத்துக்கு, அதாவது மேல் ஸ்தாயி 'ஸ'வுக்கு, போகப்போகிறார் என்று சபாவில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துதான் காத்திருக்கிறோம். எந்த ஸ்வரத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார், தொடப்போய்த் தொடாமல் எப்படி இறங்குகிறார், கடைசியில் தொடும்போது அந்த இடம் நமக்கு எப்படித் திறக்கிறது, இதற்காகத்தான் டிக்கெட் எடுக்கிறோம். இந்த ஆல்பத்தின் 'எ சாங் ஃபார் அவர் ஃபாதர்ஸ்' கேட்கும்போது நான் காத்திருப்பதும் அப்படித்தான். பையன்கள் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்குமா? அதற்குள் அவசரப்படாமல் இருக்கத் தெரிந்திருக்கிறது. இதை ஒரு மதிப்புரையாவது நின்று சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் ரீமாஸ்டர். மறுவெளியீட்டைப் பற்றி எழுதுகிறவர் முதலில் பேச வேண்டிய விஷயமே இதுதான். மெல்லிய இடத்துக்கும் உச்சத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் இந்த இசையின் உயிர். மாஸ்டரிங்கில் ஒட்டுமொத்த ஒலியளவை உயர்த்தினால் அந்தத் தூரம் குறையலாம். பதமாகச் செய்தால் புதைந்திருந்த பேஸ் மேலே வரும். இங்கே என்ன நடந்தது? முக்கால்வாசிப் பேர் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார்கள்.

நான் இதை முதலில் கேட்டது 2004-ல், ஹாஸ்டல் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில், டிசி++ என்ற ஃபைல் பகிரும் மென்பொருள் வழியாக எவனோ ஒரு சீனியர் பகிர்ந்திருந்த எம்பி3-யில். அந்தப் பழைய சிடி-ஆரிலிருந்து எடுத்தது. இரைச்சல் இருந்தது, டிரம்ஸ் பக்கத்து அறையில் வாசிப்பது மாதிரி கேட்டது. மறுவெளியீட்டில் டிரம்ஸ் அறைக்குள் வந்துவிட்டது. எனக்கு நல்ல மாற்றமாகத்தான் பட்டது. ஆனால் 'ரிமெம்பர் மீ ஆஸ் எ டைம் ஆஃப் டே' மட்டும் அந்த இரைச்சலோடுதான் இன்னும் மனசில் இருக்கிறது.

குறையே இல்லாத ஆல்பம் என்று சொல்லவில்லை. ஆல்பத்தின் நடுவில் எனக்கும் கொஞ்சம் தொய்வு தெரிகிறது, சில இடங்களில் டிரம்ஸ் இன்னும் இறுக்கம் தளரவில்லை. சரி, அதை எழுதட்டும். இந்த ஆல்பத்துக்குள் இருக்கும் குறையாக எழுதட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடைசியில் 'டைம் ஸ்டாப்ஸ்' ஓடியது. ஏறக்குறைய 10 நிமிடம். பாதியில் தம்பி போனைக் கவிழ்த்து வைத்தான். முடிந்ததும், "அண்ணா, அந்தப் பழைய வெர்ஷன் இருக்கா?" என்று கேட்டான். என்னிடம் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது அந்த ஹார்டு டிஸ்க்கும் போய்விட்டது. அந்த ஹாஸ்டல் காப்பி உங்களில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். இரண்டையும் அடுத்தடுத்து அவனுக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.