எம்பத்தி, அதாவது அடுத்தவங்க கஷ்டத்தைப் புரிஞ்சுக்கிற குணம், 2/5 ஆம்!

ஒரு ஸ்கூல்ல டெஸ்ட் வச்சு புள்ளைங்க எம்பத்திக்கு மார்க் போட்டு, அந்த ரிப்போர்ட் கார்டு ஸ்க்ரீன்ஷாட் நேத்துலேர்ந்து எல்லா குரூப்புலயும் சுத்துதே, அந்த மேட்டர்தான். ஸ்கூல் பேரு வேணாம், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். ஆமா, அது என் அக்கா பொண்ணோட கார்டுதான், நாலாங்கிளாஸ். டெஸ்ட்ல ஒரு கேள்வி: பக்கத்துல இருக்க ஃப்ரெண்டு லன்ச் கொண்டு வரல, நீ என்ன பண்ணுவ? இவ "மிஸ்கிட்ட சொல்லுவேன்"னு டிக் அடிச்சிருக்கா. ஷேர் பண்ணுவேன்னு அடிச்சாத்தான் ஃபுல் மார்க்காம். அதே ஸ்கூல் டைரியில சாப்பாட்டை ஷேர் பண்ணக் கூடாதுன்னு ரூல் போட்டிருக்கு சாமி!

கேள்வியெல்லாம் ஏஐ எழுதுச்சுன்னு பெருமை வேற. எழுதட்டும்ங்க, அதை எந்தப் புள்ளைங்ககிட்ட குடுத்து சோதிச்சுப் பாத்தீங்க? 2019ல ஓஇசிடின்னு பல நாடுகள் சேந்த பொருளாதார அமைப்பு 10 நகரங்கள்ல, 10 வயசு, 15 வயசுப் புள்ளைங்ககிட்ட இதே மாதிரி சமூக, உணர்வுத் திறன் சர்வே எடுத்துச்சு. அதுக்கு முன்னாடியே கேள்விகளைப் புள்ளைங்ககிட்ட குடுத்துப் பாத்துட்டுத்தான் மெயின் சர்வேக்கே போனாங்க. நீங்க உங்க கிளாஸ்லயே அஞ்சு புள்ளைங்களை உக்கார வச்சு "ஏன்டா இதை டிக் பண்ண"ன்னு கேட்டிருந்தா அந்த லன்ச் கேள்வி அன்னைக்கே செத்திருக்கும்.

"நீங்க டெக்னாலஜிக்கு எதிரி"ன்னு கமெண்ட்ல ஒருத்தர். அய்யா, நானே தினமும் ஏஐ யூஸ் பண்றவதான். "உலகமே ஏஐக்குப் போகுது"ன்னு இன்னொருத்தர். ஐரோப்பிய யூனியன்ல ஸ்கூல்ல புள்ளைங்க உணர்ச்சியை ஏஐ வச்சு கணிக்கிறதையே 2025 பிப்ரவரியிலேர்ந்து தடை பண்ணிட்டாங்க. அது முகம், குரல் வச்சு கணிக்கிறது, இது கேள்வித்தாள், வேற வேறதான், தெரியும், சண்டைக்கு வராதீங்க. டீச்சர் மார்க் போட்டா மட்டும் பாரபட்சம் இல்லையான்னா, இருக்குதான். ஆனா டீச்சர்கிட்ட நேர்ல போய்ச் சண்டை போடலாம்ல, இங்க கேட்டா "சிஸ்டம் ஜெனரேட்டட் மேடம்"ங்கிறாங்க!

நான் எட்டாவது படிக்கும்போது ஒருத்தி இருந்தா, வாயைத் தொறந்தா வசவுதான். கிளாஸ்ல ஒரு பொண்ணு வயசுக்கு வந்து பாவாடையெல்லாம் கறையாகி அழுதப்ப, இவதான் தன் தாவணியை அவ இடுப்புல சுத்திவிட்டு, "சனியனே, அழாம நட"ன்னு திட்டிக்கிட்டே வீடு வரைக்கும் கொண்டு போய் விட்டா. நாங்கல்லாம், நான் உட்பட, நல்ல புள்ளைங்க, வேடிக்கை பாத்துட்டு நின்னோம். இந்த டெஸ்ட் வச்சிருந்தா எங்களுக்கெல்லாம் 5/5 வந்திருக்கும்.

"சொந்தக்காரப் புள்ளைக்கு மார்க் கம்மின்னதும் கத்துறீங்க"ன்னு கமெண்ட் போட்ட புண்ணியவானுக்கு: ஆமா சார், கத்துறேன். நேத்து ராத்திரி அவ என்கிட்ட வந்து "அடுத்த தடவை ஷேர்னே அடிச்சிடறேன் சித்தி"ங்கிறா. இதைத்தான் கத்துக்கிட்டிருக்கா.

அப்புறம் அந்த ஸ்க்ரீன்ஷாட்ல கட்டாகிப் போன கடைசி வரியையும் சொல்லிடறேன். "எம்பத்தியை மேம்படுத்த எங்கள் கோடைக்கால வகுப்பில் சேரவும்." ஃபீஸ் தனி.