அரை மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடுமாம்!

இன்று காலை ஆறரை மணிக்குப் பால் வாங்கப் போனேன். பூத்துக்குப் பக்கத்துப் படிக்கட்டில் எதிர்வீட்டுப் பையன் உட்கார்ந்திருந்தான். ஆறாவது படிக்கிறான். மடியில் துண்டில் சுற்றிய பூனை. நேற்றிலிருந்து எதையும் தொடவில்லையாம், உடம்பு அனலாகக் கொதிக்கிறதாம். சுற்றி நான்கு பேர். அதில் ஒருவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டுகிறார். "பாராசிட்டமால்தான்டா தம்பி. பாதியை உடைச்சுப் பால்ல கரைச்சு ஊத்து. ஒண்ணும் ஆகாது."

பிடுங்கிவிட்டேன். அறுபது வயதுப் பெரியவர் கையிலிருந்து, தெருவே பார்க்க, அட்டையைப் பிடுங்கிக்கொண்டு கத்தினேன். "என்னம்மா இப்படிப் பேசறே, நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். தெரியும். என் மிளகைக் கொன்றவரும் நல்லதுக்குத்தான் செய்தார்.

மிளகு கறுப்புப் பூனை. நான்கு கிலோ. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் சென்னை போனேன். மாடி வீட்டு மாமாவிடம் சாவியைக் கொடுத்து, சாப்பாடு மட்டும் வையுங்கள் மாமா என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். முதல் நாள் சாயங்காலம் மிளகு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மாமா தொட்டுப் பார்த்திருக்கிறார். சுட்டிருக்கிறது. வீட்டில் இருந்த 650 மில்லிகிராம் மாத்திரையில் பாதியைப் பொடித்துப் புகட்டிவிட்டார்.

மறுநாள் காலை நான் வந்து சேர்ந்தபோது முகம் வீங்கியிருந்தது. பாதமும் வீக்கம். வாயைத் திறந்து பார்த்தால் ஈறு சாக்லேட் நிறத்தில் இருந்தது. மூச்சு வாங்கியது. டாக்டர் பார்த்த மாத்திரத்தில் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை கொடுத்தீங்க?"

அன்றைக்கு அவர் சொன்னது இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. பாராசிட்டமாலை முறித்து வெளியேற்ற நம் கல்லீரல் செய்யும் வேலையைப் பூனையின் கல்லீரலால் சரியாகச் செய்ய முடியாது. முறியாமல் தங்கும் மருந்து நஞ்சாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அது ஆக்சிஜனைச் சுமக்காது. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அசிட்டைல்சிஸ்டீன் என்று ஒரு மாற்று மருந்து உண்டு, சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எங்களுக்கு ஒரு ராத்திரி முழுக்கக் கடந்துபோயிருந்தது. அன்று இரவு பதினோரு மணிக்கு மிளகு போய்விட்டது.

அதற்கப்புறம் எனக்குத் தெரிய வந்த ஒரு விஷயம்தான் இன்றுவரை வயிற்றைப் பிசைகிறது. பூனைக்கும் நாய்க்கும் இயல்பான உடல் சூடே ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்கு 98.6. நல்ல ஆரோக்கியமாக இருக்கும் பூனையைத் தொட்டாலும் நம் கைக்குச் சூடாகத்தான் இருக்கும். மிளகுக்குக் காய்ச்சல் இருந்ததா என்றே எனக்குத் தெரியாது. நான் ஊரில் இல்லாத ஏக்கத்தில் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்திருக்கலாம். புறங்கையை வைத்துப் பார்த்தே காய்ச்சல் என்று முடிவு, அதற்கு ஒரு மருந்து, ஓர் உயிர் போச்சு.

தெர்மாமீட்டர் வைக்காமல் காய்ச்சல் என்று சொல்லாதீர்கள். மூக்கு காய்ந்திருப்பதை வைத்தும் சொல்லாதீர்கள், தூங்கி எழுந்த நாய்க்கெல்லாம் மூக்கு காய்ந்துதான் இருக்கும். நாய்க்கு மட்டும் பரவாயில்லை என்றும் நினைக்க வேண்டாம். மூட்டு வலிக்கு நாம் போட்டுக்கொள்ளும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இந்த "ஒண்ணும் ஆகாது" என்கிற வார்த்தை எங்கிருந்துதான் வருகிறதோ! சொல்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். சொல்லிவிட்டுப் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ராத்திரி ஒரு மணிக்கு டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்பது வேறு ஆள்.

என் நாய் மணி, தெரு நாய்க்குட்டியாக எடுத்து வளர்த்தது. போன சித்திரையில் அவனுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. கேட்டவர்கள் எல்லாம் ஒரே குரலில் சொன்னது: "திருச்சி வெயிலுக்கு அப்படித்தான், சூடு. மோர் ஊத்துங்க, தலையில விளக்கெண்ணெய் வைங்க." நானும் இரண்டு நாள் மோர் ஊற்றினேன். மிளகு விஷயத்தில் அடிபட்ட பிறகும் ஊற்றினேன், அந்த ஆத்திரம் எனக்கு என் மேலேயே உண்டு. மூன்றாம் நாள் எழுந்து நிற்க முடியாமல் போனான். ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் அடிமட்டத்தில் இருந்தன. உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம் கொடுத்துத்தான் பிழைத்தான்.

உண்ணி பற்றியும் நம்மூரில் ஆளுக்கொரு வைத்தியம். மண்ணெண்ணெய் தடவு, பூச்சி மருந்தைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டு. நாய் உடம்பை நக்கும் என்பது ஒருவருக்கும் தோன்றாது. உடம்பில் தெரியும் உண்ணி கொஞ்சம்தான். ஒரு பெண் உண்ணி ரத்தம் குடித்துக் கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதுவும் சுவர் இடுக்கிலும் கதவு நிலைப் பொந்திலும். வீட்டைச் சுத்தம் செய்யாமல் நாயை மட்டும் வதைத்து என்ன பயன்? அப்புறம் இன்னொன்று. நாய்க்குக் கழுத்தில் விடும் உண்ணி மருந்து மிச்சம் இருக்கிறதே என்று பூனைக்கு விட்டுவிடுவார்கள். அதில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகலாம். அட்டையில் பூனைப் படம் இல்லையென்றால் பூனைக்குப் போடாதீர்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

சொறி வந்த நாய்க்கு மெக்கானிக் கடைக் கழிவு ஆயில் தடவச் சொல்லும் கூட்டம் இன்னும் இருக்கிறது. இந்தத் தெருவிலேயே இருக்கிறது. இன்ஜினில் ஓடிக் கருத்துப்போன எண்ணெய், உலோகத் துகளும் விஷமும் கலந்தது. அதை வெடித்த தோலில் பூசி வெயிலில் விட்டுவிட்டு "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இதான்" என்கிறார்கள். தாத்தா காலத்தில் செத்த நாய்களை யார் எண்ணினார்கள்? சொறி என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி செய்யும் வேலை, அதற்கு ஊசியும் மாத்திரையும் இருக்கின்றன.

சாப்பாடு என்றால் எல்லோருமே டாக்டர்கள். தயிர்சாதம் போடு, கறி போட்டால் வெறி வரும். கறி தின்று எந்த நாய்க்கும் வெறி வந்ததில்லை, வெறிநோய் வைரஸால் வருவது. தயிர்சாதம் விஷம் என்று நான் சொல்லவில்லை, நாய் சோற்றைச் செரித்துக்கொள்ளும். ஆனால் அதை மட்டுமே மூன்று வேளையும் போட்டு வளர்ப்பது சாப்பாடு இல்லை. பூனை விஷயம் அதைவிட மோசம். பூனைக்கு டாரின் என்ற சத்து வெளியிலிருந்து வந்தாக வேண்டும், அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது இல்லாமல் பூனைகளின் இதயத் தசை தளர்ந்துபோவதை 1987-லேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். கண் பார்வையும் போகும். "எங்க வீட்டுப் பூனை சுத்த சைவம்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சைவம் நீங்கள் தேர்ந்தெடுத்தது. பூனை அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

விசேஷ நாட்களில் இன்னும் பயம். பாயசத்தில் கிடக்கும் திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். பிரியாணி மிச்சத்தில் வெங்காயம், அது ரத்த அணுக்களைச் சிதைக்கும். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். "ஆசையா பாக்குது, ஒரு வாய்தானே" என்பார்கள். அது எதைத்தான் ஆசையாகப் பார்க்காது?

பின் தெருவில் ஒருவர் சைபீரியன் ஹஸ்கி வாங்கி வந்திருக்கிறார். பனியில் வண்டி இழுக்க உருவான நாய், மே மாதத் திருச்சியில், மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் கிடக்கிறது. அவருக்கு யாரோ கொடுத்த ஆலோசனை, முடியை ஒட்ட மழித்துவிடு, குளுகுளுவென்று இருக்கும் என்று. அந்த இரட்டை அடுக்கு முடிதான் வெயிலிலிருந்தும் அதன் தோலைக் காப்பது. மழித்தால் தோல் வெந்துபோகும், சில நேரம் முடி பழையபடி வளரவே வளராது. நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராது என்றுதான் ஹஸ்கி, பக், செயின்ட் பெர்னார்டு உட்பட 11 வெளிநாட்டு இனங்களை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று தமிழக அரசின் 2024 நாய் இனப்பெருக்கக் கொள்கை சொன்னது. இந்த மண்ணுக்கென்றே சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் இருக்கின்றன. யார் கேட்கிறார்கள்?

அந்தக் குட்டியையும் முப்பது நாளில் தாயிடமிருந்து பிரித்து விற்றிருக்கிறார்கள். எட்டு வாரத்துக்குள் விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய மத்திய அரசின் 2017 விதிகளிலேயே இருக்கிறது. விற்றவர் "ஒரு ஊசி போட்டாச்சு, இனி கவலையில்லை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸுக்கு ஒரு தடுப்பூசி போதாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும் வரை போட வேண்டும். வாந்தியும் ரத்தப்போக்குமாகச் சுருண்டு விழும் குட்டிகளில் எத்தனை இப்படி ஒரே ஊசியோடு நின்றவை என்று எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

காசில்லாமல் யோசனை கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர்களுக்கு அரசு கால்நடை மருத்துவமனை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று வழி சொல்லுங்கள். அதுதான் உதவி. தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள், யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப் போவதில்லை.

காலையில் அந்தப் பையனையும் பூனையையும் நானே ஆட்டோவில் கூட்டிப்போனேன். வால் அடியில் சண்டையில் கடிபட்ட காயம், முடிக்குள் மறைந்து உள்ளே சீழ் கட்டியிருந்தது. இந்த முறை நிஜமாகவே காய்ச்சல், 104. சீழை எடுத்து, ஊசி போட்டு, ஐந்து நாளைக்கு மருந்து கொடுத்தார்கள். மத்தியானம் கொஞ்சம் மீன் தின்றதாம்.

பெரியவரின் மாத்திரை அட்டை என் மேசையில் கிடக்கிறது. அதில் ஒரு குழி காலி. தலைவலிக்குத் தான் போட்டுக்கொண்டதாகச் சொன்னார். பையனிடம் மூன்று தரம் கேட்டுவிட்டேன், பூனைக்கு முன்னாடியே எதுவும் கொடுக்கவில்லையே என்று. இல்லக்கா, இல்லக்கா என்கிறான். ராத்திரி படுக்கும் முன் இன்னொரு தரம் போய் அதன் ஈறு என்ன நிறம் என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.